ஆறு ஐம்பத்திரண்டு

பழைய பிரவுசரில் இருப்பதையெல்லாம் இங்கே கொண்டுவரவா என்று புதுப் பிரவுசர் கேட்டது. கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள். ‘கொண்டுவா’ என்று ஒன்று, ‘வேண்டாம்’ என்று ஒன்று. சண்முகவடிவு மவுஸின் அம்பை இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டுக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு அவள் வந்த இந்தப் பதினோரு வருடத்தில் நாற்காலி மாறியிருக்கிறது, மேசை மாறியிருக்கிறது, கம்ப்யூட்டரே இரண்டு தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழைய பிரவுசர் தன் மூட்டை முடிச்சுகளோடு புது மெஷினில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் நெற்றியில் ஐந்து பட்டைகள். ஒன்று ராசிபலன் சொல்லும். ஒன்று ஏதோ வெளிநாட்டு ஊரில் பனி பெய்கிறது என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். மற்ற மூன்றும் எதற்கென்றும் தெரியாது, யார் போட்டதென்றும் தெரியாது. ஒன்றை எடுத்தால் எல்லாமே போய்விடுமோ என்று யாரும் தொட்டதில்லை. பட்டைகள் போக மிச்சமிருந்த பாதித் திரையில்தான் பல்கலைக்கழகத்தின் பக்கம் தெரியும். அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த சிதம்பரநாதன் தன் மகளுக்கு வரன் தேடிய பக்கங்கள் இன்னமும் அதில் வரிசையாக இருந்தன. அந்த மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. இவள் ‘ம’ என்று ஒரு எழுத்தைத் தட்டினால் போதும், மதிப்பெண் என்று முடிப்பதற்குள் மணமகன் தேவை என்று அது எட்டிப் பார்க்கும். அதையெல்லாம் கொண்டுவரவா என்கிறது. வேண்டாம் என்றால் என்ன ஆகும். அந்தக் குப்பையில் ஏதோ ஒன்று இருந்து, அது இல்லாமல் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்காமல் போனால். கடவுச்சொல் அதில்தான் இருக்கிறதா. இல்லை, கடவுச்சொல் அவள் தலையில் இருக்கிறது, பதினான்கு எழுத்து, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். மணி மூன்று இருபது. மதிப்பெண் அனுப்ப இன்று கடைசி நாள், ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ‘வேண்டாம்’ என்பதை அமுக்கினாள். அமுக்கின பிறகுதான், இதை யாரையும் கேட்காமல் செய்துவிட்டோம் என்று தோன்றி காது மடல் சூடாயிற்று.

ஒன்றும் ஆகவில்லை. திரை வெள்ளையாக விரிந்தது. மேலே மெல்லியதாக ஒரு கோடு, கோட்டுக்குள் எழுதுவதற்கு ஒரு இடம், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய திரையா இது. இத்தனை நாளும் இதன் கீழ்ப்பாதியில் ஒண்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்திருக்கிறோம். கழுத்து வலிக்கு டாக்டர் தலையணையை மாற்றச் சொன்னார், மாற்றினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ‘ம’ என்று தட்டிப் பார்த்தாள். அது பேசாமல் இருந்தது. யாருடைய மகளையும் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை. சேர்ந்தாற்போல் முழுச் சொல்லையும் தட்டும்வரை குறுக்கே வராமல் காத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் முகவரியைத் தட்டி விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றதில் அவள் நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் போனாள். வந்துவிட்டதா, இல்லை ஏதாவது படமா. பழையதில் ஒரு பக்கம் வருவதென்றால் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், முதலில் முத்திரை, பிறகு கட்டங்கள், கடைசியில் எழுத்து, அந்த நேரத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், சுவர்ப்பல்லி கொட்டுகிற மாதிரி. இதில் சத்தமே இல்லை. சத்தம் இல்லாவிட்டால் நாம் செய்தது அதற்குத் தெரிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும். பக்கத்தின் தலைப்பைப் பார்த்தாள். ‘உள்மதிப்பீட்டு மதிப்பெண் பதிவு’ என்று இருந்தது. அதை இதுவரை அவள் சரியாகப் பார்த்ததில்லை. பழையதில் கொம்புகள் தனியாகக் கழன்று, காலும் சுழியும் புள்ளி வட்டங்களில் தொங்கிக்கொண்டிருக்கும், பார்த்துப் பழகினவர்கள் மட்டும் உத்தேசமாக வாசித்துக்கொள்ளலாம். இப்போது ஒவ்வொரு எழுத்தும் தன் கொம்போடும் காலோடும் சேர்ந்து நின்றது. அவள் மெதுவாக, உதடு அசைய, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல வாசித்தாள்.

“என்னக்கா, புதுசா கட்டிட்டு வந்தவ மாதிரி தொடவே பயப்படுதீய?” என்றாள் மெர்சி பாக்கியம். ரெக்கார்டு கிளார்க்கான அவள் எதிர்மேசையில் விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“பயம் ஒண்ணும் இல்லட்டி. பாக்கேன்.”

“பாத்தது போதும். மணியப் பாருங்க. சூப்பிரண்டு சார் ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு இதுக்குள்ள எனக்கு ரெண்டு போன் போட்டாச்சு. ஆப்பரேஷன் அவர் காலுக்கா, நமக்கான்னு தெரியல.”

“எனக்குப் போடலையே.”

“ஒங்களுக்கு அமுக்குத நேரத்துல போடுவாராம். லைன்ல இருந்து சொல்லித் தாராராம்.”

சொல்லித் தருவார். சூப்பிரண்டு அருளானந்தம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கல்லூரிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது உறையைப் பிரித்தவர் அவர். மதிப்பெண்களைப் பதிந்து முடித்து, கடைசிப் பக்கத்தில் ‘சமர்ப்பி’ என்கிற பச்சைக் கட்டத்தை அமுக்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார், அது இந்த அலுவலகத்தின் சட்டமாயிற்று. முதல் அமுக்கு எழுப்புவதற்கு. விரலை எடுத்துவிட்டு மூன்று எண்ண வேண்டும். இரண்டாவது அமுக்கு அனுப்புவதற்கு. அதற்குப் பிறகு திரையைப் பார்க்கக் கூடாது, பார்த்துக்கொண்டே இருந்தால் நின்றுவிடும். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம், வந்து பார்த்தால் பக்கம் மூடியிருக்கும், இரண்டு நாள் கழித்து ரசீது வரும். வராமல் இருந்ததில்லை. மற்றத் துறை ஆசிரியர்கள், பக்கத்துக் கல்லூரியிலிருந்து போன் போட்டுக் கேட்பவர்கள், எல்லோருக்கும் இதையே சொன்னார், எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. வடிவும் எட்டு வருடம் அப்படித்தான் அமுக்கினாள், எழுப்புவதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று, நடுவில் மூன்று. எட்டு வருடம் போய்ச் சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு முந்தின ஒரு ஏப்ரல் மாதம் மட்டும் போய்ச் சேரவில்லை. வேதியியல் மூன்றாம் ஆண்டு, நாற்பத்தொரு பேர். கடைசி நாள் கூட்டமாக இருக்கும், பக்கம் நகராது என்று அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்து வந்து, வாட்ச்மேனை எழுப்பிச் சாவி வாங்கி, தனியாக உட்கார்ந்து செய்தாள். கூடுதல் அக்கறை. அந்த அக்கறையைத்தான் பிறகு எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை யார் ஒன்னைய வரச் சொன்னா. அன்றும் முறை தவறவில்லை. அமுக்கினாள், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு மூன்று எண்ணினாள், அமுக்கினாள், எழுந்து போனாள். சமர்ப்பித்ததற்கு ரசீதும் வந்தது. மூன்று வாரம் கழித்து முடிவுகள் வந்தபோது நாற்பத்தொரு பேருக்கும் நேராக ‘வராதவர்’ என்று இருந்தது.

அவளுடைய தவறு என்ன என்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல்கலைக்கழகம் ஒரு கடிதம் அனுப்பியது. மேற்படி மதிப்பெண்கள் தங்கள் கல்லூரியின் கணக்கிலிருந்து காலை 6.52க்குச் சமர்ப்பிக்கப்பட்டு, காலை 6.52க்குத் தங்கள் கல்லூரியின் கணக்கிலிருந்தே திரும்பப் பெறப்பட்டுள்ளன. அந்த ஒரு வரியை அவள் எத்தனை தடவை வாசித்திருப்பாள். பஸ்ஸில், சமையலுக்கு நடுவில், கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது. கொடுத்ததும் ஆறு ஐம்பத்திரண்டு, திரும்பப் பெற்றதும் ஆறு ஐம்பத்திரண்டு. ஒரே நிமிடத்தில் யார் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவார்கள். நான் திரும்பப் பெறவில்லை என்று விளக்கம் எழுதிக் கொடுத்தாள். திரும்பப் பெறுவது எப்படி என்பதே எனக்குத் தெரியாது என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தாள். முதல்வர் அந்த வரியை அடிக்கச் சொன்னார். அருளானந்தம் சார் கோபப்படவில்லை, அவர் கோபப்பட்டிருக்கலாம். “சில கைக்கு அப்படித்தாம்மா, மெஷினுக்கும் கை தெரியும்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் பதிவாள், சரிபார்ப்பாள், கடைசிப் பக்கம் வந்ததும் எழுந்து நிற்பாள், அவர் வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை அமுக்குவார். வணிகவியல் துறைத் தலைவர் தவசிமுத்து தன் துறைக்குத் தானே வந்து அமுக்கிவிட்டுப் போவார், தப்பா நினைக்காதீய என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு. தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. அவளே வீட்டில் மிக்சியின் ஸ்விட்சைப் போடும்போது ஒரு கணம் தயங்க ஆரம்பித்திருந்தாள். ஏ.டி.எம்.மில் எப்போதும் மகனை அமுக்கச் சொல்வாள். நாற்பத்தொரு பேருக்கும் திருத்திய முடிவு பதினோராவது வாரம் வந்தது. நாற்பது பேர் திட்டிவிட்டு மறந்துபோனார்கள். பேச்சித்தாய் என்கிற பெண்ணுக்கு மதுரையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது, அது போயிற்று. அடுத்த வருடம் ஜங்ஷன் பக்கத்து ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தாள். “மேடம், நல்லா இருக்கீங்களா” என்று சிரித்துக்கொண்டே சேலை சேலையாக விரித்துப் போட்டாள் அந்தப் பெண். அந்தச் சிரிப்பில் எதுவுமே இல்லை, அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. வேண்டாத நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அதை ஒரு நாளும் உடுத்தவில்லை.

மணி மூன்று முப்பத்தைந்து. அவள் கடவுச்சொல்லைத் தட்டினாள். பதினான்கு கரும்புள்ளிகள். நினைத்து முடிப்பதற்குள் உள்ளே போயாயிற்று. போன வாரமே பழையதில் பதிந்து சேமித்து வைத்த மதிப்பெண்கள் அங்கே இருக்குமா என்று நேற்றிலிருந்து நெஞ்சில் ஒரு கல் கிடந்தது. பழைய பிரவுசரில் இனிமேல் எங்கள் பக்கம் திறக்காது என்று பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட்டது நேற்றுத்தான். கணினித் துறையிலிருந்து ஒரு பெண் வந்து இதைப் போட்டுவிட்டுப் போனது சாப்பாட்டு வேளைக்குப் பிறகுதான். மதிப்பெண்கள் இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். அறிவியல் துறைகள் அத்தனையும் ஒரே பக்கத்தில், விரலால் சக்கரத்தை உருட்டினால் பெயர்கள் வழுக்கிக்கொண்டு மேலே போயின, விக்காமல், ஒட்டாமல். ஆறுமுகநயினார் இருபத்தொன்று. ஆனிபெல்லா இருபத்து மூன்று. பட்டமுத்து பதினெட்டு. கையில் இருந்த தாளோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே போனாள். பழையதில் இந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், நூறாவது பெயருக்கு மேல் அது மூச்சுவிட நின்றுகொள்ளும், எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும், எந்த எண் யாருக்கு என்று ஸ்கேலை வைத்து அளந்து பார்க்க வேண்டும். இதில் ஒரு பெயரில் அம்பை வைத்தால் அந்த வரி முழுக்க வெளிர்நீலம் ஆயிற்று. யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, வரி தப்பிவிடக் கூடாதே என்று நினைத்திருக்கிறார். கண் கலங்குகிற மாதிரி இருந்தது, இதற்கெல்லாமா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நாற்பது நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. ஒரு தப்பு இல்லை. கடைசிப் பக்கம் வந்தது. கீழே, நடுவில், பச்சைக் கட்டம். பழக்கத்தில் அவள் எழுந்துவிட்டாள். எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் வந்து உட்கார ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. மெர்சி பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, ஏதோ சேலையைச் சரிசெய்ய எழுந்ததுபோல முந்தானையை இழுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இதில் எத்தனை பேருக்கு எங்கெங்கே இடம் கிடைத்திருக்குமோ. பெரிய ஜவுளிக்கடையாக இருந்தாலும் எத்தனை பேர்தான் சேலை விரிக்க முடியும். போன் அடித்தது.

“வடிவும்மா, எங்க இருக்க?”

“கடைசிப் பக்கத்துல சார். கால் எப்படி இருக்கு?”

“காலு கெடக்கு, அத விடு. எல்லாம் சரிபாத்துட்டியா?”

“பாத்துட்டேன் சார்.”

“பட்டன் தெரியுதா?”

“தெரியுது.”

“நல்லாக் கேட்டுக்கோ. புதுசோ பழசோ, முறை ஒண்ணுதான். ஒரு அமுக்கு. நான் மூணு எண்ணுவேன். மூணு சொன்னதும் அடுத்த அமுக்கு. பயப்படக் கூடாது. ஒன் கையாலதான் அமுக்குத, எண்ணுதது நான். வெளங்குதா?”

“சரி சார்.”

“காலண்டரப் பாத்துக்கோ. திரையப் பாக்காத.”

மெர்சி நூல் கோப்பதை நிறுத்தியிருந்தாள். போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வடிவு வலதுகையை மவுஸின் மேல் வைத்தாள். காலண்டர் அங்கே இல்லை. போன மாதம் வெள்ளையடித்தபோது ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்காததால் அவள் திரையையே பார்த்துக்கொண்டு அமுக்கினாள்.

“அமுக்கிட்டேன் சார்.”

“ஒண்ணு” என்றார் அவர்.

அவர் ஒன்று சொல்லும்போதே பக்கம் மாறிவிட்டிருந்தது. சத்தமில்லாமல், கண் இமைக்கிற நேரத்தில், பெயர்கள் இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி: இருநூற்றுப் பன்னிரண்டு மதிப்பெண்கள் ஏற்கப்பட்டன. அதன் கீழே ஒரு எண். அதன் கீழே, நடுவில், பச்சைக் கட்டம் இருந்த அதே இடத்தில், அதே அளவில், அவளுடைய அம்பின் நுனிக்கு நேர் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அதில் ‘திரும்பப் பெறு’ என்று எழுதியிருந்தது.

“ரெண்டு.”

அவள் விரல் மவுஸின் மேல் தூக்கி நின்றது. திரும்பப் பெறு. ஆறு ஐம்பத்திரண்டு. எழுத்துகள் கொம்போடும் சுழியோடும் தெளிவாக நின்றன. பழையதில் இதுவும் புள்ளி வட்டங்களாகத்தான் தொங்கியிருக்கும், ஆனால் இங்கேதான் இருந்திருக்கும், எப்போதும் இதே இடத்தில். பக்கம் வரக் கால் மணி நேரம் ஆகிற கடைசி நாட்களில் இரண்டாவது அமுக்கு பழைய பக்கத்தின் மேல் விழும், அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, கதவைத் தட்டிவிட்டு மறுபடியும் தட்டுகிற மாதிரி. முதல் அமுக்கிலேயே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. எட்டு வருடமும் முதல் அமுக்கிலேயே போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு இந்த மாவட்டத்தில் வேறு யாரும் அமுக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கிழட்டுப் பிரவுசரிலேயே பக்கம் உடனே வந்திருக்கும். அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பப் பெற்றாள். யாரும் திருடவில்லை, மெஷின் கையைப் பார்க்கவில்லை, முதல் பஸ்ஸில் வந்தவளுக்குப் பக்கமும் சீக்கிரம் வந்தது, அவ்வளவுதான்.

“மூணு. அமுக்கு.”

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அமுக்கிட்டியா?”

“போயிருச்சு சார்.”

“ரெண்டு தடவையும் அமுக்கினியா?”

“ஒரு தடவைதான் அமுக்கினேன்.”

“ஏம்மா, சொல்லச் சொல்லக் கேக்காம—”

“ஏற்கப்பட்டதுன்னு வந்துட்டு சார். நம்பரும் வந்துட்டு. இருநூத்திப் பன்னெண்டும்.” அவள் குரல் அவளுக்கே நிதானமாகக் கேட்டது. “இன்னொரு பட்டனும் வந்திருக்கு. திரும்பப் பெறுன்னு.”

“எங்க?”

“சமர்ப்பி இருந்த இடத்துலயே சார். அதே இடம்.”

மறுமுனையில் ஆஸ்பத்திரியின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே போய் மறைந்தது. அவர் எண்ணிக்கொண்டிருக்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. எத்தனை வருடம், எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று.

“முந்தியும் அங்கதான் இருந்துச்சோ” என்றார் கடைசியில். கேள்வியாக இல்லை.

“அப்படித்தான் இருக்கும் சார்.”

“அன்னைக்கு அந்தக் கடுதாசியில என்ன மணி போட்டிருந்தான்?”

“ஆறு அம்பத்திரெண்டு. ரெண்டுக்கும்.”

“ம்” என்றார். “நர்சம்மா ஊசியோட வந்து நிக்குது. வைக்கட்டுமா.” அதுவரை அவர் அவளிடம் வைக்கட்டுமா என்று கேட்டதில்லை. வைத்துவிடுவார்.

“போயிட்டாக்கா?” என்றாள் மெர்சி.

“போயிட்டு.”

“அவ்வளவுதானா? இதுக்கா காலையில இருந்து என்னையப் பாடாப் படுத்துனீய? நான் பக்கத்து ஆஞ்சநேயருக்கு வடமாலை நேந்துக்கிடுத வரைக்கும் போயிட்டேன், நாங்க ஏசுவக் கும்பிடுத வேதக்காரங்கன்னு கூடப் பாக்காம.”

வடிவு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் அந்த வரி இன்னமும் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நின்றுவிடும் என்பார்கள், அவள் வேண்டுமென்றே பார்த்துக்கொண்டே இருந்தாள், அது எங்கேயும் போகவில்லை. இந்தக் கைதான். மடியில் கிடந்த கையைத் திருப்பிப் பார்த்தாள். தாளிப்பில் சுட்ட தழும்பு, தேய்ந்துபோன மோதிரம், சுண்டுவிரலில் மை. நாற்பத்தொரு பேரைத் திரும்பப் பெற்றதும் இந்தக் கைதான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. பேச்சித்தாயின் வருடம் வராது. அவளிடம் போய் என்ன சொல்வது, ஒரு பட்டன் இருந்த இடத்தில் இன்னொரு பட்டன் இருந்தது தாயி என்றா. சொல்லத்தான் வேண்டும். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும், இந்தத் தடவை சேலை வாங்காமல். ஆனால் அந்த வருடத்தின் எடைக்கு அடியில் இத்தனை நாளும் கிடந்த இன்னொன்று, பெயர் வைக்க முடியாத ஒன்று, மிக்சியின் ஸ்விட்சுக்கு முன்னால் தயங்குகிற ஒன்று, அது இப்போது எங்கே என்று தேடிப் பார்த்தாள். நெஞ்சில் அது கிடந்த இடம் குளிர்ச்சியாக இருந்தது, கட்டிலை நகர்த்தின பிறகு தரை இருப்பதுபோல. நாளைக்கு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். மேற்படி பொருள் தொடர்பாக. இல்லை, மேற்படி வேண்டாம். ஐயா, திரும்பப் பெறுவது எப்படி என்பது எனக்கு இன்று தெரிந்தது, என்று ஆரம்பிக்கலாம். அடிக்கச் சொன்ன வரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஜன்னல் வழியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஒரு பக்கமாக ஓடினார்கள், அந்தக் கூச்சல் தனக்காகத்தான் என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்து வலிக்கவில்லை. மவுஸை மறுபடியும் பிடித்து, பக்கத்தின் மேல் முனையில் இருந்த சின்ன கூட்டல் குறியை அமுக்கினாள். சும்மாதான், என்ன ஆகிறது என்று பார்க்க. இன்னொரு வெள்ளைப் பக்கம் திறந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். இன்னொன்று திறந்தது. எத்தனை கேட்டாலும் கொடுக்கும்போல இருந்தது. ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறியை அமுக்கி மூடினாள், ஒன்று, ஒன்று, ஒன்று, ஒரு அமுக்குக்கு ஒரு பக்கம், பிசகாமல்.

நாலரைக்குத் தவசிமுத்து சார் வந்தார். கையில் வணிகவியல் துறையின் பட்டியல், சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

“என்ன வடிவு, புது வண்டி ஓடுதா?”

“நல்லா ஓடுது சார்.”

“ஒங்களுது போயிட்டா?”

“போயிட்டு. இருநூத்திப் பன்னெண்டும்.”

“யாரு அமுக்கினா?”

“அக்காதான்” என்றாள் மெர்சி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “வேற யாரு.”

“ஓ” என்றார் அவர். வடிவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “நல்லது. நம்மத நானே அமுக்கிருதேன், தப்பா நினைக்காதீய.”

“உக்காருங்க சார்.”

அவள் எழுந்து இடம் கொடுத்தாள். வணிகவியல் துறையின் கணக்கைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை கொண்டுவந்து விட்டு, நாற்காலிக்கு வலதுபக்கம், மேசையை ஒட்டி நின்றுகொண்டாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பச்சைக் கட்டத்தின் மேல் அம்பை வைத்தார். அமுக்கினார். உடனே விரலை உயரத் தூக்கி, திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, மெர்சியின் பக்கம் பார்த்தார்.

“அருளானந்தம் சாருக்கு எந்தக் காலு?” என்றார். “வலதா, இடதா? நானும் போய்ப் பாக்கணும்னு நினைக்கேன். ஞாயித்துக்கிழமை பஸ்ல கூட்டம் இருக்காது பாத்துக்கோ.”

“இடது” என்றாள் மெர்சி. “பழம் ஒண்ணும் வாங்கிட்டுப் போயிராதீய சார், சுகர் வேற இருக்கு. போன வாரம் ஒருத்தர் பலாச்சுளையத் தூக்கிட்டுப் போயி, வீட்டம்மா வாசலோட வாங்கி வெளிய வச்சுட்டாங்களாம்.”

“அப்ப பிஸ்கட்டு வாங்கிக்கிடலாம், உப்புப் பிஸ்கட்டு” என்று சொல்லிக்கொண்டே அவர் தலையை மெதுவாக மூன்று தடவை ஆட்டி முடித்தார். வடிவு கையை நீட்டி, அவருடைய விரல் இறங்குவதற்கு முன், மவுஸைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.